அம்மியும் நகரும்

(சேர்வராயன் மலையில் ஊழியம் செய்யும் மெதடிஸ்த போதகனாகிய நான், பிராந்திய மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு, சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த ஐக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, வரவேற்புரை ஆற்றி என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன சபைச் செயலாளர் அவர்களே, பண்டிகை வேலைகளின் அசதி தீர்வதற்குள் எனக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சிஎஸ்ஐ ஆயர் ஐயா அவர்களே, மலையில் எனக்கு அண்டை வீட்டுக்காரரைப் போலப் பழகும் கத்தோலிக்கப் பங்குத்தந்தை அவர்களே, மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடித்த கையோடு வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் இமாம் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பள்ளித் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, மலையிலிருந்து கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் என் சபை மக்களே, உங்கள் எல்லாருக்கும் என் அன்பின் வணக்கம், ஸ்தோத்திரம்.

இன்னொருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். மேடைக்குப் பின்னால் நின்று டீ போட்டுக்கொண்டிருக்கும் வாலிபர் சங்கத் தம்பிகளுக்கு. இந்தக் கூட்டத்துக்கு அவர்கள்தான் மூன்று நாளாக அலைந்தார்கள். அச்சடித்த நோட்டீஸில் அவர்கள் பெயர் விடுபட்டுப் போனது எனக்கு வருத்தம். அந்தத் தப்பு என்னுடையது. தம்பிகளா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று காரியங்களைப் பேசலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, மாநாடு என்றால் என்ன, அங்கே என்ன நடக்கிறது. இரண்டாவது, போதகர்களின் இடமாற்றம். மூன்றாவது, நம் ஆராதனைகளில் பழைய கீர்த்தனைகள் குறைந்துகொண்டே வருவது.

எங்கள் பாட்டி அம்மியில் மசால் அரைக்கும்போது ஒரு பழமொழி சொல்வார். 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.' சின்ன வயதில் எனக்கு அதற்கு அர்த்தம் புரியவில்லை. அம்மியை எதற்கு அடிக்க வேண்டும், அது எதற்கு நகர வேண்டும் என்றுதான் தோன்றும். இந்த மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு நன்றாகப் புரிகிறது.

மெதடிஸ்த சபையில் மாநாடு என்பது ஆண்டுக்கொரு முறை கூடி, சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைவது அல்ல. சபையின் முதுகெலும்பே அதுதான். 1744 ஜூன் 25 அன்று, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி லண்டனில் முதல் மாநாட்டைக் கூட்டினார். கூடியவர்கள் பத்தே பேர். ஆறு குருமார்கள், நான்கு பேர் குருப்பட்டம் பெறாத பிரசங்கிமார். கூடிய இடம் எது தெரியுமா? ஒரு காலத்தில் பீரங்கி வார்த்த பட்டறை. பாழடைந்து கிடந்த அதை வாங்கிச் சீர்செய்து ஜெப வீடாக மாற்றியிருந்தார்கள். இரும்பும் வெள்ளிப் பட்டறையும் தெரிந்த சேலத்துக்காரர்களுக்கு அந்த இடத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்து அந்தப் பத்துப் பேரும் மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். என்ன போதிப்பது? எப்படிப் போதிப்பது? என்ன செய்வது? இந்த மூன்றாவது கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பவும் அதற்கு வருவேன்.

'நீங்களும் சிஎஸ்ஐதானே?' என்று பலர் என்னைக் கேட்பார்கள். ஆயர் ஐயா இங்கே இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சிஎஸ்ஐ என்னும் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இங்கிலாந்து வழி வந்த மெதடிஸ்த சபைகள் அதில் சேர்ந்துகொண்டன. அமெரிக்க மிஷன் வழி வந்த நாங்கள் தனியாக இருந்தோம். 1981 ஜனவரி 7 முதல் இந்திய மெதடிஸ்த திருச்சபை என்ற பெயரில் சுயாதீன சபையாக இருக்கிறோம். வெஸ்லி இரண்டு பேருக்கும் தாத்தா. நாம் பங்காளிகள், அவ்வளவுதான்.

எங்கள் மாநாட்டில் போதகர்கள் மட்டும் உட்காருவதில்லை. சபை மக்களின் பிரதிநிதிகளும் வருவார்கள். லே டெலிகேட் என்போம். எங்கள் மலைச் சபை மிகவும் சிறியது. இந்த ஆண்டு எங்கள் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியது ஓர் எஸ்டேட் தொழிலாளி அம்மாவை. அறுபது வயதைத் தாண்டியவர். காபிப் பழம் பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்துப் போனவர். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார்.

இந்த அம்மாவோடு நான் சென்னைக்குப் போன கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

சாயங்காலம் ஏற்காட்டில் பஸ் ஏறினோம். அம்மாவிடம் ஒரு துணிப்பை, ஒரு சாக்குப்பை. துணிப்பையில் இரண்டு புடவை, பைபிள், பாட்டுப்புத்தகம், பேராயர் ஐயாவுக்கென்று வறுத்து அரைத்த காபித்தூள். சாக்குப்பை வாய் கட்டியிருந்தது. நான் தூக்கி வைக்கிறேன் என்றால் விடவில்லை. 'வேண்டாங்கய்யா, பாரமா இருக்கும், நானே வெச்சுக்கறேன்' என்று காலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

உங்களுக்கே தெரியும், சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவில் பஸ் திரும்பியது. காலுக்கடியிலிருந்து 'கலகல'வென்று ஒரு சத்தம். இரண்டாவது வளைவு, திரும்பவும் கலகல. ஐந்தாவது வளைவுக்குள் பஸ்ஸில் பாதிப்பேர் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் வெள்ளை அங்கியில் இல்லை, ஆனால் கழுத்தில் சிலுவை தொங்குகிறது. கண்டக்டர் வந்தார். 'என்னம்மா பையில?' என்று கேட்டார். அந்த அம்மா நிதானமாக, 'எங்க வூட்டுக்காரரு சேத்து வெச்ச சொத்து கண்ணு' என்றார். கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. பாத்திரம் பண்டம் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தோம். அந்த ரயிலுக்கு நம் மலையின் பெயர் வைத்திருப்பதில் அம்மாவுக்கு ஒரே பெருமை. போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். அங்கே ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாகவே கேட்டார், 'பையைக் கொஞ்சம் திறங்கம்மா.' திறந்தார். உள்ளே பழைய துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்த குவார்ட்டர் பாட்டில்கள். எல்லாம் காலி.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னார்: 'லைன் வீட்டுலருந்து கோயிலுக்கு வர்ற பாதையில ஒரே வாரத்துல பொறுக்குனது. மாநாட்டுல காட்டணும். முப்பத்தேழு இருக்குது, எண்ணிக்கிடுங்க.' அந்த மனிதர் எண்ணவில்லை. ஒரு பாட்டிலை எடுத்தவர், அதைத் திரும்பத் துணியில் சுற்றி, மற்றவற்றோடு இடிக்காதபடி ஓரமாக வைத்து, பையின் வாயைத் தாமே கட்டிக் கொடுத்தார். 'போயிட்டு வாங்கம்மா' என்றார். அவர் குரல் கம்மிப் போயிருந்தது. அவர் வீட்டில் என்ன கதையோ.

ரயில் கிளம்பிய பிறகு நான் கேட்டேன். 'அம்மா, இப்போதெல்லாம் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்களே, இதைக் கொடுத்திருந்தால் முந்நூற்றெழுபது ரூபாய் ஆகியிருக்குமே?' அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். 'பாட்டலுக்குப் பத்து ரூவா குடுப்பாங்கய்யா. அத குடிச்ச ஆளத் திருப்பிக் குடுத்தா யாரு எவ்வளவு குடுப்பாங்க?'

அவருடைய வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கண்டக்டரிடம் சொன்னது அவரைத்தான். இப்போது மகன் அதே பாதையில் போகிறான்.

சுற்றுலா வருகிறவர்கள் போடும் பாட்டில்தானே என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், வியூ பாயிண்ட் பக்கம் கிடப்பது அவர்களுடையது. மே மாதம் கோடை விழா வந்தால் இன்னும் கூடும். ஆனால் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கும் எங்கள் கோயிலுக்கும் நடுவே சில்வர் ஓக் மரத்தடியில் எந்தச் சுற்றுலாக்காரர் வந்து உட்காரப் போகிறார்? அது நம் பிள்ளைகள் உட்காரும் இடம்.

இனி மாநாட்டுக்கு வருகிறேன். ஜான் வெஸ்லியின் தம்பி சார்லஸ் வெஸ்லி எழுதிய ஒரு பாட்டோடு மாநாட்டைத் தொடங்குவது பழைய மெதடிஸ்த வழக்கம். நாம் இன்னும் உயிரோடு இருக்கிறோமா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோமா என்று கேட்கும் பாட்டு அது. ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், குதிரையில் ஊர் ஊராகப் போன பிரசங்கிமார் ஓராண்டு கழித்துக் கூடும்போது அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே அர்த்தம் இருந்தது. ஜான் வெஸ்லி தம் வாழ்நாளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மைல் பயணம் செய்தார் என்பார்கள். இந்த முறை அந்தப் பாட்டின்போது என் பக்கத்தில் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்டிருக்கும்.

அறிக்கைகள் வாசித்தார்கள், பட்ஜெட் வந்தது, புதிதாக டீக்கன் பட்டம் பெற்றவர்கள் மேல் கை வைத்து ஜெபித்தார்கள். அதில் ஒரு பையன் அழுதுகொண்டே இருந்தான். அவனுடைய அப்பா கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லாம் நன்றாக நடந்தது.

இரண்டாம் நாள் மதியம் கணக்கு அறிக்கை. அது முடிந்ததும் கேள்வி நேரம். எங்கள் அம்மா கையைத் தூக்கினார். மைக் வந்தது. மைக்கைக் கையில் வாங்காமல் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக முன்னால் போனார். மேடைக்குக் கீழே, காணிக்கைத் தட்டு வைக்கும் நீள மேசை. அதன்மேல் ஒவ்வொரு பாட்டிலாகத் துணியைப் பிரித்து வரிசையாக நிறுத்தினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அந்தப் பெரிய மண்டபத்தில் பாட்டில் மேசையில் பட்டு எழும் 'டக், டக்' சத்தம் மட்டும்தான். முப்பத்தேழு முறை. அப்புறம் துணிகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: 'கணக்கு வாசிச்சீங்க. இதையும் கணக்குல சேத்துக்குங்க ஐயா.' வேறு ஒரு வார்த்தை இல்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பேராயர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜெபம் பண்ணினார். பிறகு எல்லாப் போதகர்களையும் பார்த்து, 'இந்தக் கணக்கை அவரவர் சபைக்குக் கொண்டுபோங்கள்' என்றார். நான் கொண்டுவந்திருக்கிறேன். இங்கே இந்த மேடைமேல், பூச்செண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது அந்த முப்பத்தேழில் ஒன்று.

முப்பத்தேழு என்ற எண்ணைக் கேட்டதும் சேலத்துக்காரனாகிய எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1937. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது எங்கே? நம் சேலம் மாவட்டத்தில்! அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. 1917 முதல் இரண்டாண்டு நம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, மாகாணப் பிரதமராக ஆனதும் தம் சொந்த மாவட்டத்திலிருந்துதான் ஆரம்பித்தார். வருமானம் போய்விடுமே என்று அன்றும் கேட்டார்கள். நாம் எல்லாரும் பழகிப்போன விற்பனை வரி, அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் வந்ததுதான். மனம் இருந்ததால் வழி தேடினார்கள்.

ராஜாஜிக்கும் பெரியாருக்கும் எத்தனையோ கருத்து வேறுபாடு. ஆனால் கள்ளுக்கு எதிராகத் தம் சொந்தத் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார், அதுவும் இதே சேலத்துத் தாதம்பட்டியில். நம் காலத்தில் நம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் ஐயா. 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் பக்கத்தில், ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடும்போதே உயிர்விட்டார். அவர் பெயரை இந்த மேடையில் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது.

எங்கள் சபையும் இதில் புதிதாகப் பேசவில்லை. 1743-இல் வெஸ்லி தம் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளில், குடிவெறி கூடாது, சாராயம் வாங்கக் கூடாது, விற்கக் கூடாது என்று எழுதினார். லண்டன் ஏழைகள் ஜின் சாராயத்தில் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. கூலி கிடைக்கிறது, கடை வழியில் இருக்கிறது, பணம் வீடு போய்ச் சேருவதில்லை. அன்று லண்டனில் நடந்தது இன்று எங்கள் மலையில் நடக்கிறது. எஸ்டேட்டில் சனிக்கிழமை கூலி. மதுக்கடை மதியம் 12 மணிக்குத் திறந்தால் ராத்திரி 10 வரை. ஞாயிறு காலை ஆராதனைக்கு வாருங்கள். பெண்கள் பக்கத்துப் பாய்கள் நிறைந்திருக்கும். ஆண்கள் பக்கம் ஏழெட்டுப் பேர். ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவதாக இடமாற்றம் பற்றிச் சொல்ல வேண்டும். மாநாட்டின் கடைசி நாள் நியமனங்களை வாசிப்பார்கள். எந்தப் போதகர் எந்தச் சபைக்கு என்று பேராயர் வாசிக்க வாசிக்க, போதகர் வீட்டு அம்மாக்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் மனைவி ஊரில் இருந்தார், போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிள்ளைகள் படிப்பை நினைத்து எல்லாருக்கும் பயம். நியமன விஷயத்தில் பள்ளிப் படிப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள், கண்காணிப்பாளர் ஐயா இருக்கிறார், அவருக்குத் தெரியும். என்னை இன்னும் ஓராண்டு மலையிலேயே விட்டார்கள். ஆண்டவர் எதற்கு விட்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மதுக்கடைக்காகத்தான்.

அந்தக் கடை முன்பு மெயின் ரோட்டில் இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து மதுக்கடைகளைத் தள்ளிவைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ரோட்டிலிருந்து எடுத்த கடை எங்கே போனது? ஊருக்குள் வந்தது. எங்கள் பக்கம் லைன் வீடுகளுக்குப் போகும் கிளைப்பாதைக்கு வந்தது. வழிபாட்டு இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி, மாநகராட்சி நகராட்சி என்றால் 50 மீட்டர். நாங்கள் வாலிபர் சங்கத் தம்பிகளோடு டேப் பிடித்து அளந்தோம். கோயில் வாசல் கல்லிலிருந்து கடை ஷட்டர்வரை 118 மீட்டர். விதிப்படி சரி. அந்தப் பதினெட்டு மீட்டரைக் கண்ணால் பார்த்தேன். நடந்தால் இருபத்தைந்து அடிவைப்பு. அதில்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

மனு கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள். திரும்பக் கொடுத்தோம். முதலில் கொடுத்த மனு கிடைக்கவில்லை என்றார்கள். சரி, மூன்றாவது மனு கொடுப்போம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று பாட்டி சொன்னது பொய்யா? தமிழ்நாட்டில் 2016-இல் 500 கடை மூடினார்கள். 2017-இல் 500 கடை. 2023-இல் மறுபடியும் 500 கடை. ஆட்சிகள் மாறின, கடை மூடுவது நிற்கவில்லை. தாமாகவா மூடினார்கள்? எந்த ஊரிலோ எந்தப் பெண்களோ ரோட்டில் உட்கார்ந்ததால் மூடினார்கள். அம்மி நகர்ந்திருக்கிறது ஐயா! இன்னும் நகரும்.

1744-இல் கேட்ட மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என்ன செய்வது? மே 1 அன்று கிராம சபை. அன்று எங்கள் ஊராட்சியில் இந்தக் கடையை எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். அதற்கு மலை மக்கள் கை தூக்குவார்கள். அதோடு நிற்காமல், மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் நகரத்து மக்களாகிய உங்கள் கையெழுத்தும் வேண்டும். வாரக் கடைசியில் மலையேறி வருகிறவர்கள் நீங்கள். காபியும் மிளகும் எங்களிடம்தான் வாங்குகிறீர்கள். அந்த அம்மாவின் விரல் பட்ட காபிதான் உங்கள் வீடுகளில் கொதிக்கிறது. பங்குத்தந்தை முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இமாம் அவர்கள் வரும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆயர் ஐயா தலையாட்டுகிறார், நான் அதை ஆம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கீர்த்தனைகளைப் பற்றி மூன்றாவதாகப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மலை பஸ்ஸுக்கு நேரமாகிறது. இன்னொரு நாள் கூப்பிடுங்கள், அதை மட்டுமே பேச வருகிறேன்.

வாசல் பக்கத்து மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இந்த பாட்டிலையும் அங்கேயே கொண்டுபோய் வைக்கப் போகிறேன். எங்கள் அம்மா நோட்டுக்குப் பக்கத்தில் பேனாவோடு நிற்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைரேகை வைக்கலாம், மை இருக்கிறது. முகவரியைத் தெளிவாக எழுதுங்கள், போன முறை பாதிப் பேருடையது புரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுதுங்கள், எழுதிவிட்டுக் கிளம்புங்கள். நன்றி. ஸ்தோத்திரம்.